கரகரத்த குரலுக்கு ஒரு பாட்டு: நாவல் மேடையேறும்போது என்ன நடக்கிறது?

அக்கா மகள் இராமநாதபுரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்குத் திருப்பாலைக்குடி வந்தபோது தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காதில் எந்நேரமும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புத்தகம் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸராப்ள்', 1862இல் வந்த பிரெஞ்சு நாவல். பாட்டு, அதே நாவலை வைத்துச் செய்த இசை நாடகத்தில் வருவது. எப்போனின் என்ற ஏழைப் பெண், தன்னைக் காதலிக்காத ஒருவனை நினைத்துக்கொண்டு இரவில் தெருவில் தனியாக நடந்தபடி பாடுகிற பாட்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இந்தப் பொண்ணுக்குத் தொண்டையே சரியில்லைன்னு எழுதியிருக்காரு. சாராயம் குடிச்சுக் குடிச்சுக் கரகரத்துப்போன கிழவன் குரல் மாதிரி இருக்குமாம். பல்லு வேற போயிருக்காம். இவளா அந்தப் பாட்டப் பாடுனா?"

நல்ல கேள்வி. நாவலுக்கும் இசை நாடகத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "நாவல் பெரிசு, நாடகம் சின்னது" என்று முடித்துவிடுவார்கள். அது பாதிகூட இல்லை. அன்று அவளிடம் சொன்னதை, அவளைப் போலப் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ழான் வல்ழான் என்பவன் அக்கா பிள்ளைகளின் பசிக்காக ஒரு ரொட்டி திருடுகிறான். அதற்கும், சிறையிலிருந்து தப்பப் பார்த்ததற்கும் சேர்த்து 19 ஆண்டுகள் உள்ளே கிடக்கிறான். வெளியே வந்தவனை ஒரு பிஷப் அன்பால் மாற்றுகிறார். பெயரை மாற்றிக்கொண்டு ஒரு ஊருக்கு மேயராகிறான். ஜாவர் என்ற போலீஸ்காரர் அவனை விடாமல் துரத்துகிறார். ஃபான்தீன் என்ற பெண் வறுமையில் இறந்துபோக, அவள் மகள் கொசெத்தை வல்ழான் வளர்க்கிறான். கொசெத் வளர்ந்து மாரியுஸ் என்ற இளைஞனைக் காதலிக்கிறாள். 1832 ஜூனில் பாரிஸில் ஒரு கிளர்ச்சி வெடித்து அடங்குகிறது. இந்தக் கதையைத்தான் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் நம் பக்கத்துக்காரர், சிவகங்கையில் பிறந்தவர். பாண்டிச்சேரியில் நெடுங்காலம் இருந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர்.

சரி, இப்போது நாவலைக் கொஞ்ச நேரம் மூடி வைப்போம். இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நம் கரையிலேயே இதே வேலை நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் வளர்ந்தவர் யாராக இருந்தாலும் வள்ளி திருமணம் நாடகம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அம்மன் கோயில் முளைப்பாரி முடிந்த இரவு, பத்து மணிக்கு மேல் தொடங்கும். மணலில் பாய் விரித்து, பிள்ளைகளைப் போர்வையில் சுருட்டிக் கிடத்திவிட்டு, விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக்கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்ட். ராஜபார்ட் என்கிற நாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி ஓர் ஊர், பபூன் என்கிற கோமாளி இன்னோர் ஊர். சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துப்போன பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அது நடக்கிறது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? கந்த புராணத்திலிருந்து. ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். வள்ளியின் கதை அதில் கடைசியாக வரும் ஒரு படலம். சூரபத்மன் போர், தேவர் சிறைமீட்சி, தெய்வயானை திருமணம் எதுவும் வள்ளி திருமண மேடைக்கு வராது. ஒரு தினைப்புனம், ஒரு பெண், அவளைத் தேடி வருகிற ஒருவன், இடையில் ஒரு நாரதர். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு படலம் ஒரு முழு இரவாக விரிகிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. ஏட்டில் சில பாட்டுகளில் கடந்து போகிற இடம் மேடையில் இரண்டு மணி நேரம் நிற்கும்.

இதைக் கவனித்தால் முதல் உண்மை பிடிபட்டுவிடும். மேடைக்காரர் மூலக்கதையைச் சீராகச் சுருக்குவதில்லை. பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார், ஒரு சிறு துண்டை எடுத்து மூலத்தைவிடப் பெரிதாக்குகிறார். எதை எடுக்கிறார்? எதைப் பாட முடியுமோ அதை.

ஹ்யூகோவின் நாவல் ஐந்து பாகம், 365 அத்தியாயம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்தால் சரியாக ஒரு வருஷம். இசை நாடகம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நாவலின் முதல் பகுதியில் 14 அத்தியாயங்கள் அந்தப் பிஷப்பைப் பற்றி மட்டுமே: அவர் வீட்டில் எத்தனை அறை, வருமானத்தில் எவ்வளவைத் தர்மத்துக்குக் கொடுத்தார், தோட்டத்தில் என்ன வைத்தார் என்பது வரை. கதாநாயகன் அதுவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மேடையில் பிஷப் வந்து, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கொடுத்துவிட்டு, சில நிமிஷங்களில் போய்விடுவார். இரண்டாம் பாகம் தொடங்குகிற இடத்தில், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போருக்கு மட்டும் 19 அத்தியாயம். பாரிஸின் சாக்கடை வரலாறு தனி, கன்னியர் மடத்தின் வரலாறு தனி, திருடர்களின் பேச்சுமொழி தனி. சாக்கடை வரலாற்றை யார் பாடுவது? எல்லாம் மேடைக்கு வெளியே நின்றுவிட்டன.

நேர்மையாகச் சொல்கிறேன், அந்த அத்தியாயங்களை முதல் தடவை நானும் தாண்டிப் படித்தவன்தான். இரண்டாம் முறை தாண்டவில்லை. வாட்டர்லூ முடிகிற ராத்திரியில் ஒருவன் பிணங்களின் விரலிலிருந்து மோதிரம் உருவுகிறான். அவன்தான் பின்னால் கொசெத்தைக் கொடுமைப்படுத்தப்போகிற தெனார்தியே. திருடப் போன இடத்தில் குவியலிலிருந்து அவன் இழுத்துப்போட்ட அதிகாரிக்கு உயிர் இருந்தது. அந்த அதிகாரி மாரியுஸின் தகப்பன். நூறு பக்கப் போர் வரலாறு அந்த ஒரு கைக்காகத்தான் காத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது இன்னும் முக்கியம். நாவலில் ஒரு கதைசொல்லி இருக்கிறார். அவர் எந்த வீட்டுக்குள்ளும் போவார், எவர் மனசுக்குள்ளும் நுழைவார், "இந்த மனிதன் இப்படி நினைத்தான், ஆனால் அப்படி நினைப்பது அவனுக்கே தெரியாது" என்றுகூடச் சொல்வார். மேடையில் அவர் இல்லை. அங்கே இருப்பது உடம்பும் குரலும்தான். அப்படியானால் மனசுக்குள் நடப்பதைக் காட்டுவது யார்? தினைப்புனத்துப் பரண்மேல் வள்ளி தனியாக நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாளே, அந்த நேரத்தில் நமக்கு அவளைப் பற்றி எவ்வளவு தெரிந்துவிடுகிறது! யாரும் அவளை விவரிக்கவில்லை. அவள் பாடினாள், நாம் தெரிந்துகொண்டோம். கதைசொல்லியின் வேலையைப் பாட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்து வருவது தெரியும்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மேயராக இருக்கும் வல்ழானுக்கு ஒரு செய்தி வருகிறது. யாரோ ஒரு அப்பாவியை 'இவன்தான் வல்ழான்' என்று பிடித்துவிட்டார்கள், நாளை விசாரணை. வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த ஆள் ஆயுளுக்கும் சிறையில் கிடப்பான், வல்ழானுக்கு விடுதலை. வாயைத் திறந்தால் இவனுக்குச் சிறை.

நாவலில் இது ஓர் இரவு முழுக்க நடக்கிறது. அறைக்கதவைத் தாழ்போடுகிறான். விளக்கை அணைக்கிறான், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. பழைய உடுப்பையும் மூட்டையையும் தடியையும் ஒளித்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து நெருப்பில் போடுகிறான். பிஷப் கொடுத்த வெள்ளித் தண்டுகளையும் போட்டுவிடலாம் என்று கையில் எடுக்கிறான். உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கிறது. திரும்ப எடுத்த இடத்திலேயே வைக்கிறான். விடியற்காலையில் கிளம்பியும் முடிவு எடுத்திருக்கவில்லை. வழியில் வண்டிச் சக்கரம் உடைகிறது. 'அப்பாடா, நான் முயற்சி செய்தேன், முடியவில்லை' என்று ஒரு கணம் மனசு குளிர்கிறது. ஆனால் வேறு வண்டி கிடைத்துவிடுகிறது! நல்லவனாக இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை, எத்தனை தடவை நழுவப் பார்க்கும் என்பதை ஹ்யூகோ ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டுகிறார்.

மேடையில் இது சில நிமிஷப் பாட்டு. 'நான் யார்?' என்ற கேள்வியில் தொடங்கி, ஏறி ஏறிப் போய், கடைசியில் நீதிமன்றத்தில் தன் கைதி எண்ணை உச்சக் குரலில் சொல்வதில் முடியும்: இரண்டு, நான்கு, ஆறு, பூஜ்யம், ஒன்று. நடிகர் அந்த எண்ணை எட்டிப் பிடிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிடும். உடைந்த சக்கரம் இல்லை, வழியில் தங்கல் இல்லை. தயக்கத்தின் நீளம் போய்விட்டது, முடிவின் உயரம் கிடைத்திருக்கிறது. அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் 24601 எப்போதாவது கண்ணில் படும். இரண்டாம் முறை சிறைக்குப் போகும்போது அவனுக்கு வேறு எண்ணே, 9430. மேடையோ முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஜாவர் வாயில் திரும்பத் திரும்ப வைத்து, அதை இன்னொரு பெயராகவே ஆக்கிவிட்டது. பாட்டுக்குத் திரும்பி வருகிற சொல் வேண்டும்.

திரும்பி வருவது என்றதும் மெட்டைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இசை நாடகத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். வெறுமனே கதையைச் சுருக்கி நடுநடுவே பாட்டு வைத்திருந்தால் இவ்வளவு ஆசையாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தொடக்கத்தில் பிஷப் மன்னித்துவிட்ட பிறகு வல்ழான் தனியாக நின்று குமுறுவான். இத்தனை நாள் உலகத்தை வெறுத்தவன், ஒருவர் காட்டிய கருணையால் நிலைகுலைந்து போகிறான். பழைய வாழ்க்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது மனிதனாக எழுகிறான். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து, வல்ழான் கையால் உயிர்ப்பிச்சை பெற்ற ஜாவர் ஆற்றுப் பாலத்தின்மேல் நிற்கிறார். இப்போது கருணையால் நிலைகுலைந்தவர் அவர். வாத்தியங்கள் அதே இசையை வாசிக்கின்றன. வரி வேறு, ஆள் வேறு, மெட்டு மட்டும் அன்று வல்ழான் பாடியது. அவனுக்கு வாழ வழி காட்டிய அதே இசை இவரை ஆற்றில் தள்ளுகிறது. இருவருக்கும் நடந்தது ஒன்றுதான் என்று மேடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காது சொல்லிவிடுகிறது. நாவலாசிரியர் இதை எழுதித்தான் காட்ட முடியும்.

ஹ்யூகோவும் எழுதிக் காட்டுகிறார், வேறு மாதிரி. நாவலில் ஜாவர் ஆற்றில் குதிப்பதற்கு முன் ஒரு காவல் நிலையத்துக்குப் போகிறார். தாளும் பேனாவும் வாங்கி, துறையின் நன்மைக்காகப் பத்துக் குறிப்புகள் எழுதுகிறார். அதில் ஒன்று: விசாரணை முடிந்து வரும் கைதிகளைச் சோதிக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலோடு கல் தரையில் நிறுத்துகிறார்கள், பலர் இருமலோடு சிறைக்குத் திரும்புகிறார்கள். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ச் சாகிறார். வாழ்நாள் முழுக்கக் கைதிகளை மனிதராகப் பார்க்காத ஒருவர் கடைசியில் அவர்கள் வெறுங்காலைப் பார்த்துவிட்டார். அதையும் அலுவலகக் குறிப்பாகத்தான் எழுதத் தெரிகிறது. அந்தத் தாளை மேடையில் பாட வைக்க முடியாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மெட்டா, அந்தத் தாளா, எது மேல் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும்.

இனி அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். அதற்கு முன் ஃபான்தீனைப் பார்த்தாக வேண்டும். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஃபான்தீன் தன் குழந்தை கொசெத்தைத் தெனார்தியே குடும்பத்திடம் விட்டுவிட்டு வேலை தேடிப் போகிறாள். அவர்கள் பணம் கேட்டுக் கடிதம்மேல் கடிதம் எழுதுகிறார்கள். குளிருக்குக் குழந்தைக்குக் கம்பளிப் பாவாடை வேண்டும் என்று ஒரு கடிதம். நாவலில் அவள் தலைமுடியைப் பத்துப் பிராங்குக்கு விற்கிறாள், அந்தக் காசில் ஒரு பின்னல் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். தெனார்தியேக்களுக்கு ஆத்திரம், அவர்கள் எதிர்பார்த்தது பணம். பாவாடையைத் தங்கள் மகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். கொசெத் நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். அந்த மகள்தான் எப்போனின். அடுத்த கடிதத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய். ஃபான்தீன் முன்பல் இரண்டைப் பிடுங்கி விற்கிறாள்.

மேடையில் கழுத்துச் சங்கிலியும் முடியும் சில நிமிஷத்தில் போகும், உடனே அவள் தெருவுக்கு வந்துவிடுவாள். பாவாடை இல்லை. வேலை போன விதமும் மாறியிருக்கிறது. அவள் வேலை செய்தது வல்ழானின் ஆலையில். நாவலில் அவளை வேலையிலிருந்து நீக்குவது ஒரு மேற்பார்வைப் பெண், மேயர் வல்ழானுக்கு அது தெரியவே தெரியாது. மேடையில் ஆலைப் பெண்களுக்கும் அவளுக்கும் சண்டை நடக்கிற இடத்துக்கே வல்ழான் வந்து, "நீயே பார்த்துக்கொள்" என்று மேஸ்திரியிடம் விட்டுவிட்டுப் போகிறான். பார்வையாளர் கண்முன்னே அவன்மேல் ஒரு பழி விழ வேண்டுமே, அதற்காக. நாடகத்துக்கு அது சரிதான். ஆனால் நாவல் சொல்வது இன்னும் பயங்கரம். நல்லவர் நடத்துகிற ஆலையில், அவருக்குத் தெரியாமலே ஒருத்தி அழிந்துபோக முடியும்.

தெனார்தியேவையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். மேடையில் அவனும் அவன் மனைவியும் சிரிக்க வைக்கிறவர்கள், நம் பபூன் போல. விடிய விடிய அழ வைக்கும் கதைக்கு அப்படி ஒரு மூச்சு வேண்டும், புரிகிறது. ஆனால் நாவலின் தெனார்தியேவைப் பார்த்து ஒருவராலும் சிரிக்க முடியாது. கவ்ரோஷ் என்ற தெருப்பையன் அவன் பெற்ற பிள்ளைதான், எப்போனினுக்குத் தம்பி. மேடை இந்த உறவைச் சொல்வதே இல்லை. பெற்றவர்கள் விரட்டிவிட்ட பையன் என்பது தெரியாமலே அவன் சாவைப் பார்த்து நாம் அழுகிறோம். என் கணக்கில் மேடை தொலைத்தவற்றில் பெரியது இதுதான்.

சரி, எப்போனின். நாவலில் அவள் மாரியுஸின் அறைக்கு முதலில் வருவது பிச்சைக் கடிதத்தோடு. ஒட்டிய உடம்பு, கிழிந்த சட்டை, போன பற்கள், அந்தக் கரகரத்த குரல். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அதைக் காட்டிக்கொள்ள ஆசை. மேஜையில் கிடந்த தாளில் ஒரு வரி எழுதிக் காட்டுகிறாள். காதல் அவளை நல்லவளாக மட்டும் ஆக்கவில்லை. கொசெத் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கொடுக்காமல் ஒளிக்கிறாள். கிளர்ச்சிக்காரர்கள் எழுப்பிய தெருத் தடுப்பரணுக்கு மாரியுஸை வேண்டுமென்றே வரவழைக்கிறாள். இரண்டு பேரும் அங்கேயே சாகலாம், இன்னொருத்திக்கு அவன் கிடைக்க வேண்டாம் என்ற நினைப்பு. ஆனால் அவனை நோக்கித் துப்பாக்கி நீண்டபோது தன் கையை அதன் வாயில் வைத்துவிடுகிறாள். குண்டு கையைத் துளைத்து முதுகு வழியே போகிறது. சாகும்போதுதான் கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.

மேடையில் இந்த இருட்டெல்லாம் கழுவப்பட்டுவிட்டது. அங்கே அவள் மாரியுஸின் கடிதத்தைக் கொண்டு போகிறவள், திரும்பி வரும்போது சுடப்பட்டு அவன் மடியில் இறக்கிறவள். நாவலில் அந்தக் கடிதத்தைக் கொண்டு போவது கவ்ரோஷ். தனியாகப் பாட வருகிற ஒருவரைப் பார்வையாளர் நம்ப வேண்டும், அவர் பக்கம் சாய வேண்டும். கடிதத்தை மறைத்தவள் என்று தெரிந்தால் அந்தப் பாட்டில் பாதிப் பேர் ஒட்ட மாட்டார்கள். கரகரத்த குரலுக்கு அழகான பாட்டைக் கொடுக்க மேடை கொடுத்த விலை இது. நான் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஹ்யூகோ அவளைப் பற்றி எவ்வளவோ சொன்னார், ஆனால் மாரியுஸ் கடைசிவரை அவளைச் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகம் முழுக்க அரங்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

இப்போது மெட்டுக்குத் திரும்புகிறேன். இந்த இசை நாடகம் முதலில் 1980இல் பாரிஸில் பிரெஞ்சில் வந்தது. பாட்டு ஆலன் பூப்ளில், இசை க்ளோட் மிஷேல் ஷோன்பெர்க். எப்போனின் பாட்டின் மெட்டு அந்தப் பாரிஸ் மேடையில் அவளுடையதாக இல்லை, ஃபான்தீன் பாடியது. 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் ஆங்கிலத்தில் ஏறியபோது எப்போனினுக்கு மாறியது. ஃபான்தீனும் அதை முழுக்க இழந்துவிடவில்லை: சாகும் நேரத்தில் தன் குழந்தையைக் கூப்பிட்டு அதே மெட்டில்தான் பாடுகிறாள். யாருக்கும் வேண்டாமல் போன இரண்டு பெண்களுக்கும் ஒரே மெட்டு.

நாவலில் இந்த இருவரையும் இணைப்பது அந்தக் கம்பளிப் பாவாடை. ஒருத்தி தலைமுடியை விற்று வாங்கினாள், இன்னொருத்தி போட்டுக்கொண்டு திரிந்தாள், தன் உடம்பில் இருப்பது எது என்று தெரியாமலே. மேடையில் பாவாடை இல்லை, மெட்டு இருக்கிறது. அதையும் எப்போனின் தெரியாமல்தான் போட்டுக்கொள்கிறாள்.

இதைச் சொன்னபோது அக்கா மகள் காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மேடையால் முடிந்து நாவலால் முடியாத இன்னொன்றும் இருக்கிறது. இடைவேளைக்கு முன் வரும் பாட்டில் வல்ழான் ஊரைவிட்டுக் கிளம்ப நினைக்கிறான், காதலர்கள் பிரிகிறார்கள், எப்போனின் ஏங்குகிறாள், ஜாவர் வலை விரிக்கிறார், மாணவர்கள் கொடி பிடிக்கிறார்கள், தெனார்தியே திருடக் காத்திருக்கிறான். ஒவ்வொருவரும் தன் வரியைத் தன் மெட்டில் பாட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே நேரத்தில் ஒலிக்கும். எழுத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் வர முடியும். ஹ்யூகோவுக்கே 'அதே நேரத்தில்' என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போவதைத் தவிர வழி இல்லை.

பாரிஸ் மேடைக்கும் லண்டன் மேடைக்கும் இருந்த ஒரு வித்தியாசம் நமக்கு நன்றாகப் புரியும். பாரிஸில் ரொட்டி திருடிய கதையை, சிறையை, பிஷப்பைத் தொடக்கத்தில் காட்டவில்லை. அங்கே அது எல்லாருக்கும் தெரிந்த கதை. லண்டனுக்குப் போனபோதுதான் அந்த முன்கதையைச் சேர்த்தார்கள். வள்ளி திருமணத்துக்கு வந்து உட்காருகிறவரிடம் முருகன் யார் என்று யாராவது விளக்குவார்களா? முடிவு தெரிந்தவர்கள்தான் தர்க்கத்தை ரசிக்க முடியும். தெரிந்த கதை என்றால் மேடை நடுவிலிருந்தே தொடங்கலாம், தெரியாத கதை என்றால் வாசலிலிருந்து கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். நாவலுக்கு அந்தக் கவலை இல்லை, எல்லாரையும் வாசலிலிருந்தே கூட்டிப் போக அதற்குப் பக்கம் இருக்கிறது.

தமிழிலும் 1950இல் 'ஏழை படும் பாடு' படமாக வந்தது. வல்ழான் அதில் கந்தன் ஆனான், நாகையா நடித்தார். போலீஸ்காரராக நடித்த சீதாராமனோடு 'ஜாவர்' என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஜாவர் சீதாராமன் என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஒரு பிரெஞ்சுப் பாத்திரத்தின் பெயர் ஒரு தமிழருக்கு முன்னொட்டாகிவிட்டது!

புதிதாகத் தொடங்குகிறவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், என் யோசனை இது. முதலில் பாட்டுகளைக் கேளுங்கள். அப்புறம் நாவலில் மூன்று இடங்களை மட்டும் தேடிப் படியுங்கள்: வல்ழானின் அந்த ஓர் இரவு, ஃபான்தீன் ஒவ்வொன்றாக விற்பது, ஜாவரின் கடைசி இரவு. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள், பிஷப்பின் தோட்டத்தில் சலிப்பு வராது.

முடிவுகளும் வேறு வேறுதான். வள்ளி திருமணத்தில் கிழக்கு வெளுக்கும்போது மாலை மாற்றி, மங்களம் பாடி, தூங்கிக் கிடக்கும் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். லண்டன் மேடையிலும் அப்படி ஒரு மங்களம் உண்டு. வல்ழான் சாகும்போது அழைத்துப்போக வருவது ஃபான்தீனும் எப்போனினும், இரண்டு பேரும் சேர்ந்து, அந்தப் பழைய மெட்டோடு. பிறகு தடுப்பரணில் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து பாடுகிறார்கள்.

நாவலில் யாரும் வருவதில்லை. பாரிஸ் இடுகாட்டின் ஒரு மூலையில் பெயர் பொறிக்காத ஒரு கல், சுற்றிலும் புல். யாரோ அதில் பென்சிலால் நாலு வரி எழுதியிருந்தார்கள். மழையும் புழுதியும் பட்டு, இப்போது அது அழிந்துபோயிருக்கக்கூடும் என்கிறார் ஹ்யூகோ.